128ஐப் போட்ட இரவும் 16ஐ எடுத்த ஞாயிற்றுக்கிழமையும்

2010இல் நான் ஆரக்கிள் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டாபேஸை எங்கள் குழு பார்த்துக்கொண்டிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே ஒரு ரிப்போர்ட் ஓடத் தொடங்கும், காலையில் கிளைகள் திறப்பதற்குள் அது முடிந்தாக வேண்டும். மாதக் கடைசியில் முடியாது. ரிப்போர்ட்டின் நடுவே பரிவர்த்தனை டேபிள் ஒன்றை முதல் பிளாக்கிலிருந்து (டேபிள் டிஸ்க்கில் சேமிக்கப்படும் சிறு துண்டு) கடைசி பிளாக் வரை அப்படியே படிக்கும் கொயரிகள் இருந்தன, அதுவும் வெவ்வேறு தலைப்புகளுக்காக அதே டேபிளைப் பத்துத் தடவைக்கு மேல் படிக்கும்.

ஃபுல் டேபிள் ஸ்கேன் என்றதும் முகம் சுளிப்பது நம் தொழிலில் பழக்கமாகிவிட்டது. இண்டெக்ஸ் போடு, ஸ்கேனைத் தவிர் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் டேபிளில் இருக்கும் வரிகளில் பெரும்பகுதி தேவைப்படும்போது இண்டெக்ஸ் வழியாகப் போவது, ஒரு புத்தகம் முழுவதையும் படிக்க நினைப்பவர் பொருளடைவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவதைப் போல. இண்டெக்ஸ் ஒவ்வொரு பிளாக்காகக் கேட்கும், ஃபுல் ஸ்கேன் ஒரு கை நிறைய அள்ளும். அந்த ரிப்போர்ட்டுக்கு ஃபுல் ஸ்கேன்தான் சரியான வழி. எனவே ஸ்கேனைத் தவிர்ப்பது எப்படி என்பதல்ல எங்கள் கேள்வி, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு அள்ளுகிறோம் என்பதுதான்.

எங்கள் குழுவின் மூத்த டிபிஏவை நாங்கள் அண்ணா என்றே கூப்பிடுவோம். பாராமீட்டர் பட்டியலைத் திறந்து பார்த்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார். டிபி ஃபைல் மல்டிபிளாக் ரீட் கவுண்ட், மதிப்பு 16. "ஆரக்கிள் 9i காலத்துல யாரோ போட்டது, அப்படியே கூட வந்துருக்கு. 128 ஆக்கிப் பாருப்பா" என்றார்.

அந்தப் பாராமீட்டரின் வேலை இதுதான். ஃபுல் ஸ்கேனின்போது ஆரக்கிள் டிஸ்க்கிடம் ஒரே ஐஓ (படிக்கும், எழுதும்) கோரிக்கையில் அதிகபட்சம் எத்தனை பிளாக் கேட்கலாம் என்று அது சொல்கிறது. பிளாக் அளவு 8 கேபி என்றால், 16 என்பது ஒரு தடவைக்கு 128 கேபி, 128 என்பது ஒரு எம்பி. பெரும்பாலான பிளாட்ஃபார்ம்களில் ஒரு எம்பிதான் உச்சம், அதற்கு மேல் எண்ணைக் கூட்டினாலும் பயனில்லை.

அந்த டேபிள் 8 ஜிபி, அதாவது சுமார் பத்தரை லட்சம் பிளாக். எட்டு எட்டாகப் படித்தால் (16 இருக்க ஏன் எட்டு என்பது பின்னால் வரும்) 1,31,072 ஐஓ, 128ஆகப் படித்தால் 8,192 ஐஓ. அன்றைக்கு இருந்தது சுழலும் டிஸ்க். தலை நகர்ந்து, தட்டு சுற்றி, சரியான இடம் வருவதற்கு 5 மில்லிசெகண்ட், பிறகு ஒரு எம்பி படிக்க 10 மில்லிசெகண்ட் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சின்னக் கோரிக்கைகளாகப் போனால் ஒரு ஸ்கேனுக்குப் பன்னிரண்டு நிமிடம், பெரிய கோரிக்கைகளாகப் போனால் இரண்டு நிமிடம். வேறு யாரும் டிஸ்க்கைத் தொடாவிட்டால் தலை ஒவ்வொரு தடவையும் நகர வேண்டியிருக்காது, ஸ்டோரேஜும் முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளும், அதனால் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. ஆனால் ராத்திரி பேக்கப்பும் மற்ற ஜாப்களும் அதே டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் நிலைமைக்கு இந்தக் கணக்கு அவ்வளவு தூரமில்லை.

சரி, 128 போட்டேன். சிஸ்டம் முழுவதற்கும் போட்டேன். அந்த ராத்திரி ரிப்போர்ட் முடிந்த நேரத்துக்கும் முந்தைய ராத்திரி முடிந்த நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளைகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. வாடிக்கையாளர் கணக்கு விவரம் காட்டும் திரை திறப்பதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது. நேற்றுவரை இண்டெக்ஸில் ஓடிக்கொண்டிருந்த கொயரிகள் சில ஃபுல் ஸ்கேனுக்கு மாறியிருந்தன.

நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். அந்த ஒரே எண்ணை ஆரக்கிளுக்குள் இரண்டு பேர் படிக்கிறார்கள். டிஸ்க்கிலிருந்து பிளாக்கை எடுத்து வருபவர் ஒருவர், அவருக்கு அது அதிகபட்ச அளவு. எந்த வழியில் போகலாம் என்று முடிவு செய்யும் ஆப்டிமைசர் இன்னொருவர், அவருக்கு அது ஃபுல் ஸ்கேனின் விலை. நான் முதலாமவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாமவரிடமும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம், சின்னக் கணக்குதான். டிஸ்க் வேகம் போன்றவற்றைச் சொல்லும் சிஸ்டம் ஸ்டாடிஸ்டிக்ஸ் எதையும் தனியாகச் சேகரிக்காதபோது ஆரக்கிள் வைத்துக்கொள்ளும் அனுமானம், டிஸ்க்கில் இடம் தேட 10 மில்லிசெகண்ட், அதன் பிறகு ஒரு மில்லிசெகண்டுக்கு 4096 பைட். ஆக 8 கேபி பிளாக் ஒன்றைப் படிக்க 10ம் 2ம் சேர்த்து 12 மில்லிசெகண்ட். இதுதான் காஸ்ட்டின் ஒரு அலகு. 16 பிளாக்கைச் சேர்த்துப் படிக்க 10ம் 32ம், 42 மில்லிசெகண்ட். 10,000 பிளாக் டேபிள் என்றால் 625 தடவை படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 42ஐ 12ஆல் வகுத்த விலை, ஆகச் சுமார் 2,188. அதே டேபிளுக்கு 128 போட்டால் ஒரு தடவைக்கு 266 மில்லிசெகண்ட், தடவைகள் 78 சொச்சம், விலை சுமார் 1,732. சிபியு கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன், அது கொஞ்சம் கூடும்.

இப்போது 1,900 காஸ்ட் உள்ள இண்டெக்ஸ் வழி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று அது 2,188ஐ விட மலிவு. இன்று 1,732ஐ விட விலை அதிகம். டேபிளில் ஒரு வரி மாறவில்லை, இண்டெக்ஸ் மாறவில்லை, டிஸ்க் மாறவில்லை. வழி மட்டும் மாறிவிட்டது. அந்தக் காலையில் நடந்தது அதுதான். இண்டெக்ஸின் பிளாக்குகள் பெரும்பாலும் மெமரியிலேயே இருந்ததால் நிஜத்தில் அந்தக் கொயரிகளுக்கு டிஸ்க் தேவைப்பட்டதே குறைவு, ஆப்டிமைசர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மதியத்துக்குள் 16க்குத் திரும்பினேன். ஸ்கேன் ஏன் வேகமாகவில்லை என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அன்று ராத்திரி அந்த ரிப்போர்ட்டின் செஷனுக்கு (டேட்டாபேஸோடு அது வைத்திருக்கும் இணைப்புக்கு) மட்டும் 128 போட்டேன், இதை ஆல்டர் செஷன் என்ற கட்டளையில் போடலாம், முதல் நாளே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். கூடவே 10046 ஈவெண்ட்டை எட்டாம் லெவலில் திறந்துவைத்து, செஷன் எதற்கெல்லாம் காத்திருக்கிறது என்று பதிவு செய்யும் டிரேஸ் எடுத்தேன்.

டிரேஸ் ஃபைலில் டிபி ஃபைல் ஸ்கேட்டர்டு ரீட் என்ற வெயிட் வரிவரியாக ஓடும். இந்தப் பெயர் புதிதாக வருபவர்கள் எல்லோரையும் குழப்பும். அடுத்தடுத்து இருக்கும் பிளாக்குகளைச் சேர்த்துப் படிப்பதற்கு ஸ்கேட்டர்டு என்று பெயர், ஒற்றை பிளாக்கைப் படிப்பதற்கு சீக்குவென்ஷியல் என்று பெயர். டிஸ்க்கில் சேர்ந்திருந்தவை மெமரிக்கு வந்ததும் பஃபர் கேஷில் (படித்த பிளாக்குகளை வைக்கும் மெமரிப் பகுதி) ஆளுக்கொரு இடமாகச் சிதறி உட்காருகின்றன, பெயர் அதிலிருந்து வந்தது. வெயிட் வரியின் கடைசிப் பக்கம் பிளாக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அந்த ஒரு கோரிக்கையில் நிஜமாக எத்தனை பிளாக் வந்தது என்பது அது. பாராமீட்டரில் நாம் போடுவது ஆசை, இந்த எண்தான் நடந்தது.

128 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 8 இருந்தது. அடுத்த வரியிலும் 8. அப்புறம் 8, 8, இடையிடையே 7. பக்கம் பக்கமாகக் கீழே போனேன், எட்டைத் தாண்டவே இல்லை.

டிபிஏ எக்ஸ்டெண்ட்ஸ் வியூவில் அந்த டேபிளைத் தேடியதும் விடை கிடைத்துவிட்டது. எக்ஸ்டெண்ட் என்பது டேபிளுக்கு ஒரே தடவையில் ஒதுக்கும் அடுத்தடுத்த பிளாக்குகளின் தொகுதி, டேபிள்ஸ்பேஸ் என்பது டேபிள்களை வைக்கும் இடப்பகுதி. டேபிள் இருந்த டேபிள்ஸ்பேஸ் யூனிஃபார்ம் 64 கேபி, அதாவது எல்லா எக்ஸ்டெண்ட்டும் ஒரே அளவு. ஒவ்வொரு எக்ஸ்டெண்ட்டும் சரியாக எட்டு பிளாக். ஒரு மல்டிபிளாக் ரீட் எக்ஸ்டெண்ட்டின் எல்லையைத் தாண்டாது, பக்கத்து எக்ஸ்டெண்ட் டிஸ்க்கில் ஒட்டியே இருந்தாலும் தாண்டாது. நான் 128 போட்டாலும், ஏற்கனவே இருந்த 16 ஆனாலும், கிடைக்கப்போவது 8தான். 7 வந்த இடங்களில் எக்ஸ்டெண்ட்டின் முதல் பிளாக் இடக்கணக்கு வைக்கும் பிட்மேப்பாக இருந்தது. எப்போதோ சின்னச் சின்ன டேபிள்களுக்காக உருவாக்கிய டேபிள்ஸ்பேஸ் அது. இந்த டேபிளும் அப்போது சின்னதுதான். அது வளர்ந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 8 ஜிபியை 64 கேபி துண்டுகளாக, 1,31,072 எக்ஸ்டெண்ட்டாக, அடுக்கிவைத்திருந்தது.

ஆட்டோஅலொகேட் டேபிள்ஸ்பேஸாக இருந்திருந்தால் இது தானாகவே சரியாகியிருக்கும். அதில் முதல் ஒரு எம்பி வரைதான் 64 கேபி துண்டுகள், 64 எம்பி வரை ஒரு எம்பி, ஒரு ஜிபி வரை 8 எம்பி, அதன் பிறகு 64 எம்பி என்று டேபிள் வளர வளர எக்ஸ்டெண்ட்டும் வளரும். இன்றைக்கும் பழைய டேட்டாபேஸ் ஒன்று என் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, பெரிய டேபிள்களின் எக்ஸ்டெண்ட் அளவைத்தான்.

எக்ஸ்டெண்ட் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. அதே வாரம் வேறொரு டேபிளின் டிரேஸைப் பார்த்தேன், அதில் எண்கள் 8 போல ஒழுங்காக இல்லை. 128, 41, 3, 86, 1, 2, 19 என்று தாறுமாறாக இருந்தன. காரணம் பஃபர் கேஷ். படிக்க வேண்டிய வரிசையில் ஒரு பிளாக் ஏற்கனவே மெமரியில் இருந்தால், ஆரக்கிள் அதை மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுக்காது, அதற்கு முந்தைய பிளாக்கோடு கோரிக்கையை நிறுத்திவிட்டு அதற்கு அடுத்ததிலிருந்து புதிதாகத் தொடங்கும். 128 பிளாக் எக்ஸ்டெண்ட்டில் ஒன்றுவிட்டு ஒன்று மெமரியில் இருக்கிறது என்றால், ஒரு பெரிய ஐஓ போக வேண்டிய இடத்தில் 64 ஒற்றை பிளாக் ஐஓ போகும். பாதி டேபிள் மெமரியில் இருப்பதால் வேகமாக ஓட வேண்டியது, மெமரியில் எதுவுமே இல்லாதபோது ஓடியதைவிட மெதுவாக ஓடும். பகலில் ஆன்லைன் வேலை அங்கங்கே தொட்டுவைத்த டேபிளை ராத்திரி ஸ்கேன் செய்யும்போது இதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது என் டிரேஸ்தான் தப்பு என்று நினைத்து மறுபடி எடுத்தேன்.

இதோடு, வேறொரு செஷன் மாற்றிக்கொண்டிருக்கும் பிளாக்கைப் படிக்க நேர்ந்தால் பழைய நிலையைக் கட்டியெழுப்ப பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அண்டூவுக்குப் போக வேண்டும், அது ஒற்றை பிளாக் ரீட். ஒரு வரி இரண்டு மூன்று பிளாக்கில் துண்டாகிக் கிடந்தாலும் அப்படித்தான். இடம் போதாமல் வேறு பிளாக்குக்கு முழுதாக இடம் மாறிய வரிகள் ஃபுல் ஸ்கேனுக்குத் தொந்தரவில்லை, ஸ்கேன் எப்படியும் அந்த பிளாக்குக்கு வரத்தானே போகிறது, சுட்டியைப் பின்தொடராமல் கடந்துவிடும். டேபிள் ஃபெட்ச் கண்டின்யூடு ரோ என்ற ஸ்டாடிஸ்டிக் ஸ்கேனின்போது ஏறினால் துண்டான வரிகள் இருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

பிறகு ஹை வாட்டர் மார்க். ஃபுல் ஸ்கேன் படிப்பது வரிகள் இருக்கும் பிளாக்குகளை அல்ல, டேபிள் இதுவரை எட்டிய உச்சம் வரை உள்ள எல்லா பிளாக்கையும். எங்கள் பரிவர்த்தனை டேபிளில் வருடா வருடம் பழைய வரிகளை டெலீட் செய்வார்கள், டெலீட் அந்தக் கோட்டைக் கீழே இறக்காது. ராத்திரி லோடு அப்பெண்ட் ஹிண்ட்டோடு போகும், அது காலியிடத்தை நிரப்பாமல் கோட்டுக்கு மேலேயே எழுதும். ஆக ஒரு பக்கம் காலியாகிக்கொண்டே, இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போன டேபிள். நாங்கள் ஸ்கேன் செய்த 8 ஜிபியில் ஒன்றுமே இல்லாத பிளாக்குகளும் நிறைய இருந்தன, அவற்றை எவ்வளவு வேகமாகப் படித்து என்ன செய்ய.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்டைம் கிடைத்தது. டேபிளை ஆட்டோஅலொகேட் டேபிள்ஸ்பேஸ் ஒன்றுக்கு மூவ் செய்தோம். மூவ் செய்தால் எல்லா இண்டெக்ஸும் அன்யூசபிள் ஆகிவிடும், ஒவ்வொன்றாக ரீபில்டு செய்ய வேண்டும், அந்த நாளின் பெரும்பகுதி அதற்கே போனது. இதே வேலையை ஆரக்கிள் 12.2 முதல் மூவ் ஆன்லைன் என்று போட்டு, இண்டெக்ஸ் கெடாமல், டேபிள் பயன்பாட்டில் இருக்கும்போதே செய்துவிடலாம். அன்று அந்த வசதி இல்லை. மூவ் முடிந்தபோது எக்ஸ்டெண்ட்டும் சரியானது, ஹை வாட்டர் மார்க்கும் இறங்கியது.

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அண்ணா, "அந்த 16ஐ என்ன செய்யப் போற?" என்று கேட்டார். 32 போடலாமா, 64 போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக ஆவணங்களைப் படித்திருந்ததில் எனக்குத் தெரியவந்த விஷயம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது, 10ஜி இரண்டாம் ரிலீஸிலிருந்து இந்தப் பாராமீட்டரை யாரும் போடாமல் விட்டால் ஆரக்கிள் அந்த இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்கிறது. படிப்பவருக்கு, பிளாட்ஃபார்ம் தாங்கும் பெரிய அளவு, பெரும்பாலும் ஒரு எம்பி. ஆப்டிமைசருக்கு, 8. செஷன்கள் மிக அதிகமாக இருந்தால் பஃபர் கேஷ் நிரம்பி வழியாமலிருக்க முதல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளவும் செய்யும்.

8 என்று வைத்துக் கணக்கிட்டால் நம் 10,000 பிளாக் டேபிளின் ஸ்கேன் காஸ்ட் 2,708. இண்டெக்ஸ் வழி 1,900. ஆன்லைன் கொயரிகள் இண்டெக்ஸிலேயே இருக்கும். ராத்திரி ஸ்கேன் 128 பிளாக்காகவே அள்ளும். எனக்குத் தேவைப்பட்ட இரண்டும், எந்த எண்ணையும் போடாமல் விட்டால் கிடைப்பவை.

இன்றும் யாராவது என்னிடம் இந்தப் பாராமீட்டருக்கு நல்ல மதிப்பு என்ன என்று கேட்டால், போடாதீர்கள் என்றே சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட பேட்ச் வேலைக்கு மட்டும் தேவை என்று டிரேஸ் காட்டினால் அந்த செஷனுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சிஸ்டம் ஸ்டாடிஸ்டிக்ஸை வேலை நேரத்தில் சேகரித்து ஆப்டிமைசருக்கு நிஜ எண்ணைக் கொடுக்கும் வழியும் உண்டு, சிலர் அதை விரும்புவார்கள். தப்பான நேரத்தில் சேகரித்த எண் ஒன்று பல மாதம் உட்கார்ந்து வழிகளைக் கெடுத்ததைப் பார்த்திருப்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

11ஜிக்குப் போன பிறகு காட்சி கொஞ்சம் மாறியது. பெரிய டேபிள்களின் ஸ்கேன் பஃபர் கேஷைத் தொடாமல், டைரக்ட் பாத் ரீட்டாக, செஷனின் சொந்த மெமரிக்கே வரத் தொடங்கியது. நடுவே கேஷில் கிடக்கும் பிளாக்குகளால் கோரிக்கை துண்டாகும் தொல்லை அதில் இல்லை. ஆனால் ஸ்கேன் தொடங்கும் முன் அந்த டேபிளின் மாறிய பிளாக்குகளை டிஸ்க்குக்கு எழுத வேண்டும். அதோடு ஒரே டேபிளைப் பத்துத் தடவை ஸ்கேன் செய்தால் பத்துத் தடவையும் டிஸ்க்குக்கே போகும். எங்கள் ரிப்போர்ட்டைப் பிறகு டெவலப்பர்கள் திருத்தி எழுதி, பத்து ஸ்கேனை ஒரே ஸ்கேனாக்கி, தலைப்புகளைக் கேஸ் எக்ஸ்பிரஷன்களால் பிரித்துக்கொண்டார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதில்தான் அதிக நேரம் மிச்சமானது, அதற்காக அவர்களோடு இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தாலும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கேள்வி வேறு உருவில் வரும். அது வெகுகாலம் 8 கேபி 8 கேபியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, சேர்த்துப் படிக்கும் வேலையை லினக்ஸின் ரீட்அஹெட் (முன்கூட்டியே படித்து வைக்கும் வசதி) பார்த்துக்கொண்டது. அதனால் டேட்டாபேஸைத் திருகுவதைவிட டிஸ்க்கின் ரீட்அஹெட்டை 128 கேபியிலிருந்து ஏற்றியதுதான் அங்கே பலன் தந்தது. 2024இல் வந்த 17இல் ஐஓ கம்பைன் லிமிட் என்ற செட்டிங் வந்தது, இயல்பாக 128 கேபி. 2025இல் வந்த 18இல் அசிங்க்ரனஸ் ஐஓவும் சேர்ந்துவிட்டது. பெரிய டேபிளைப் படிக்கும்போது மொத்த ஷேர்டு பஃபர்ஸையும் (அதன் பஃபர் கேஷ்) அடித்துப்போகாமல் ஒரு சின்ன வளையத்துக்குள்ளேயே சுழற்றிக்கொள்ளும் அதன் முறை எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாராமீட்டரை எஸ்பிஃபைல் என்ற அமைப்புக் கோப்பிலிருந்து ரீசெட் செய்து, சாயங்காலம் டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி ஏற்றினோம். ஷோ பாராமீட்டர் அடித்தேன். 128 என்று வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான் கையால் போட்டு, கிளைகளிலிருந்து போன் வரவைத்த அதே எண். ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது, ரீசெட் சரியாகப் போகவில்லையோ என்று. வி டாலர் பாராமீட்டரில் இஸ்டீஃபால்ட் என்ற நெடுவரிசையைப் பார்த்தேன், ட்ரூ என்று இருந்தது, அதாவது அந்த எண்ணை யாரும் போடவில்லை. கணக்கு விவரத் திரையின் கொயரிக்கு எக்ஸ்பிளெய்ன் பிளான் எடுத்தேன், இண்டெக்ஸில் இருந்தது. பதினொரு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்து ரிப்போர்ட்டின் டிரேஸைத் திறந்தேன். முதல் சில வரிகள் 5, 8, 8. பிறகு பிளாக்ஸ் 128, பிளாக்ஸ் 128 என்று திரை நிறைய இறங்கிக்கொண்டே போனது.